காலே அரைக்கால்

கல்லூரி மலருக்குக் கட்டுரை தருமாறு தமிழ்த்துறைப் பேராசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்து கேட்டபோது, கணிதம் படிக்கும் எனக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. நண்பர்களில் ஒருவன் நிலவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னான்; இன்னொருவன் நட்பைப் பற்றி. எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: மூங்கிலும் தாளும் பசையும் கொண்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆயினும் கார்த்திகைத் தீபம் முடிந்த கையோடு எங்கள் திண்ணை முழுவதும் நட்சத்திரமாகிவிடும். என் தந்தை மூங்கில் கூடை முடைபவர். ஆண்டு முழுவதும் கூடையும் முறமும் கோழிக் கூண்டும்தான். டிசம்பரில் மட்டும் தெருப் பிள்ளைகள் வந்து, "மாமா, ஸ்டாருக்குச் சிம்பு கிழிச்சுக் குடுங்க" என்று வரிசையில் நிற்பார்கள். தெருவில் பாதி வீடுகள் மாதா கோயிலுக்குப் போகிற வீடுகள். அப்பா அந்தச் சிம்புக்குக் காசு வாங்கியதில்லை. பண்டிகையன்று முறுக்கும் கேக்கும் தட்டுத் தட்டாக வந்து சேரும். மடக்கி விரிக்கிற அட்டை நட்சத்திரங்கள் இப்போது கடைகளில் தொங்குகின்றன. வாங்குவோர் வாங்கட்டும்; எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இன்னும் கட்டுகிற ஆசை விடவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இக்கல்லூரியில் சேர வந்தபோது, படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முன்னால் நின்ற பையன் 'ஆசிரியர்' என்று எழுதியதைப் பார்த்துவிட்டேன். பேனா தானாக வழுக்கிவிட்டது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நட்சத்திரத்துக்கு வருவோம். ஒரே நீளத்தில் பத்துச் சிம்புகள் வேண்டும். ஐந்து ஒரு நட்சத்திரத்துக்கு, ஐந்து இன்னொன்றுக்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து நுனிகளையும் சணலால் கட்டி, உள்ளே ஐந்து மூலைகளிலும் ஒரு சாண் குச்சியை முட்டுக் கொடுத்தால் நடு உப்பி நிற்கும். சிம்பில் கணு வரக்கூடாது. கிழித்ததும் ஓரத்தைச் சீவாவிட்டால் தாளையும் கிழிக்கும், விரலையும் கிழிக்கும். ஒரு சிம்பு அரை விரல் நீண்டாலும் நட்சத்திரம் நொண்டும். பசைக்கு மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார் அம்மா. அது நஞ்சு என்பதால் அந்தச் சட்டியை அடுப்படியில் சேர்ப்பதில்லை. பட்டம் விடுகிற மெல்லிய தாளை ஒட்டி, ஒரு முக்கில் மட்டும் விளக்கு வைக்க வழி விடவேண்டும். முன்பெல்லாம் குண்டு பல்பின் சூட்டில் தாள் பழுத்துப் போகும், எல்.இ.டி. வந்தபின் அந்தக் கவலை இல்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டிலும் மூங்கிலும் தாளும் கொண்டு இப்படியேதான் கட்டுகிறார்கள். 'பரோல்' என்பது அதன் பெயர். நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்கள் திண்ணையையே பார்த்ததுபோல் இருந்தது.

ஆனால் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்து சிம்புகளையும் நுனியில் மட்டும் கட்டினால் அந்தச் சட்டம் இழுத்த பக்கமெல்லாம் சாயும். முக்கோணம் அசையாது, ஐந்து பக்கம் அசையும். ஆகவே சிம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலும் கட்டவேண்டும். அந்த இடம் எது? அப்பா நூலைச் சிம்பின் நீளத்துக்கு அறுத்து, இரண்டாக, நாலாக, எட்டாக மடிப்பார். அந்த மடிப்பை அளவாக வைத்து ஒரு நுனியிலிருந்து மூன்று முறை அளந்து குறி போடுவார். மறுநுனியிலிருந்தும் மூன்று முறை. "காலே அரைக்கால்ல ஒரு கட்டு, அரையே அரைக்கால்ல ஒரு கட்டு" என்பார். ஒரு கட்டில் சிம்பு மேலே போனால் அடுத்ததில் கீழே நுழைய வேண்டும். அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. இந்தக் கணக்கு என் தாத்தா சொல்லிக் கொடுத்தது.

சென்ற ஆண்டு திரிகோணமிதி வகுப்பில் பேராசிரியை சைன் 18 பாகையின் மதிப்பை வருவித்துக் காட்டினார். பிறகு கரும்பலகையில் ஐம்முனை விண்மீன் ஒன்றை வரைந்து, அதன் ஒவ்வொரு நுனியும் 36 பாகை என்றும், கோடுகள் ஒன்றையொன்று பொன் விகிதத்தில் வெட்டுகின்றன என்றும் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முழுக்கோட்டை ஒன்று என்று கொண்டால், முதல் வெட்டு 0.382 இல் விழுகிறது. காலே அரைக்கால் என்பது எட்டில் மூன்று; அதாவது 0.375. எண்பது சென்டிமீட்டர் சிம்பில் அப்பாவின் குறி 30 இல். சரியான இடம் 30.56 இல். வித்தியாசம் அரைச் சென்டிமீட்டரும் சொச்சமும். மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் விளக்கினேன் என்று நினைக்கிறேன். கூடையின் விளிம்பைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நம்ம கணக்கு தப்புங்கிறியா?"

"தப்பில்லப்பா. ரொம்பக் கிட்ட வருது."

"எவ்வளவு கிட்ட?"

விரலால் காட்டினேன். அவர் ஒரு சிம்பை எடுத்து என் விரலருகே பிடித்தார். சிம்பின் அகலமே அதைவிட அதிகம். "உன் கணக்கு இந்தச் சிம்புக்குள்ளயே படுத்துக்கிடக்கே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

இந்த டிசம்பரில் விடுதி நண்பர்கள் நட்சத்திரம் கட்டவேண்டும் என்றார்கள். அப்பாவே பேருந்தில் சிம்புக் கட்டோடு வந்து இறங்கினார். நூலை மடித்து, விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து, பி.எஸ்ஸி. மாணவர்கள் ஆறு பேருக்குக் காலே அரைக்கால் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தார். அவர்கள் "சார், சார்" என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் கூச்சப்பட்டு என்னைப் பார்த்தார். நான் பசை கிண்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எல்லாரும் சாப்பிடப் போனபின் படிவத்தில் எழுதியதைச் சொல்லிவிட்டேன். அவர் கடைசி நுனியைக் கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"வியாபாரம்னா எழுதினே?" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வியாபாரின்னு தெரிஞ்சா எல்லாரும் கடன் கேட்டு வந்துருவாங்களேடா" என்று சிரித்தார்.

"அந்தச் சணலை எடு. முட்டுக் குச்சி ஒண்ணு குறையுது பாரு."