பூட்டு ரெண்டு பக்கமும் உண்டு பாஸ்!

எஸ்கேப் ரூம் விளையாடியிருக்கீங்களா? காசு கொடுத்து ஒரு ரூமுக்குள்ள அடைபடணும். க்ளூ தேடி, ஒவ்வொரு பூட்டா திறந்து, டைம் முடியறதுக்குள்ள வெளியே வரணும். 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் தகாவோ கட்டோ ஆரம்பிச்ச விளையாட்டு, இப்போ சென்னை வரைக்கும் வந்தாச்சு. விழுப்புரம், திண்டிவனம் பசங்க நமக்கு ரயில் ஏறிப் போய் அடைபட கட்டுப்படியாகுமா? அதனால எங்க காலேஜ் சிம்போசியத்துல சீனியர்ஸ் டிராயிங் ஹாலையே எஸ்கேப் ரூம் ஆக்கிட்டாங்க. தீம்? நம்ம செஞ்சிக் கோட்டை!

டீமுக்கு அஞ்சு பேர், 45 நிமிஷம். எங்க டீம்ல ஏற்கெனவே ஒரு பூட்டு தொங்கிட்டு இருந்தது. திண்டிவனத்துக்காரனும் விழுப்புரத்துக்காரனும் ரெண்டு மாசமா பேசிக்கிறதில்லை. காரணம், எக்ஸாம் ஃபீஸுக்குக் கைமாத்தா வாங்கின 1,500 ரூபாய். கொடுத்தவன் கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டான். வாங்கினவன் மானம் போச்சுனு முறுக்கிக்கிட்டான். லேப்ல ஒரே பேட்ச். ரீடிங் சொல்லக்கூட நடுவுல நாங்கதான் தூது!

முதல் பூட்டு, சிவாஜி செஞ்சியைப் பிடிச்ச வருஷம். 1677, திறந்தாச்சு. ரெண்டாவதுக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம்னு மூணு மலையையும் மேப்ல சரியா வைக்கணும். அதுவும் ஓகே.

மூணாவதுலதான் ட்விஸ்ட். ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். உச்சிக்குப் போற வழியில பாறை பிளந்து கிடக்கும். சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். தாண்டறதுக்கு ஒரு பாலம். அந்தக் காலத்துல பாலத்தை எடுத்துட்டா போதும், எதிரி அந்தப் பக்கமே நிக்க வேண்டியதுதான். அதே மாதிரி ஹால் நடுவுல போர்வை கட்டி, ஒரு பக்கம் நம்பர், மறுபக்கம் பூட்டு வெச்சிருந்தாங்க. பக்கத்துக்கு ஒருத்தர்தான் போகலாம், மத்தவங்க வாயே திறக்கக் கூடாது. சீட்டு குலுக்கினா வந்தது யாருங்கிறீங்க? அதே ரெண்டு பேர்!

ஆறு நிமிஷம் மயான அமைதி. எங்களுக்கு வேர்க்குது. அப்புறம் போர்வைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு குரல்... ''ஒண்ணு... ஆறு... ஒன்பது... எட்டு. அவசரப்படாதடா, உனக்குக் கை நடுங்கும்.'' 1,500 ரூபாயை மறக்காதவன், ஃப்ரெண்டோட கை நடுங்கறதையும் மறக்கலை பாருங்க!

அந்த 1698-க்குப் பின்னாடி நிஜமாவே ஒரு எஸ்கேப் கதை இருக்கு. 1689-ல் சிவாஜியோட மகன் ராஜாராம், மொகலாயர்கிட்ட சிக்காம ராய்கட்ல இருந்து மாறுவேஷத்துல தப்பி, வழியில கெளதி ராணி சென்னம்மா உதவ, செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே ஔரங்கசீப்போட தளபதி சுல்ஃபிகர் கான் கோட்டையைச் சுத்தி வளைச்சுட்டார். 1698-ல் கோட்டை விழுந்தப்போ, உள்ளே ராஜாராம் இல்லை. முன்னாடியே எஸ்கேப்!

எனக்குப் பிடிச்ச இடம் அது இல்லை, நடுவுல நடந்த ஒண்ணு. மராட்டியப் படைகள் வெளியில இருந்து வந்து, முற்றுகை போட்டவங்களையே முற்றுகை போட்டுட்டாங்க. சாப்பாடு வந்து சேராம, 1693-ல் மொகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்கிடுச்சு. அடைச்சவனும் அடைபட்டான்! 'நான் பேச மாட்டேன்'னு ஒருத்தரை வெளியே வெச்சுப் பூட்டறோமே, அப்போ நாமளும் உள்ளேதானே மாட்டிக்கிறோம்? அந்த ரெண்டு மாசம் ரெண்டு பேருமே டீக்கடைக்குத் தனியாப் போய்ட்டுத் தனியா வந்ததை நாங்க பார்த்துட்டுதானே இருந்தோம்.

பரிசு கிடைச்சதானு கேட்கறீங்களா? ரெண்டு நிமிஷத்துல கோட்டை விட்டுட்டோம். கடைசிப் பூட்டு கடைசி வரை திறக்கலை. கடனும் இன்னும் முழுசா தீரலை, முதல் தவணையா 500 ரூபாய் வந்திருக்கு. ஆனா, எங்களுக்கு தூது வேலை போயிடுச்சு. ரீடிங்கை இப்போ அவங்களே சண்டை போட்டுக்கிட்டுச் சொல்லிக்கிறாங்க.

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகள்ல, தமிழ்நாட்டுல இருக்கிறது செஞ்சி மட்டும்தான். விழுப்புரமோ, திண்டிவனமோ, எங்கேயிருந்தும் பஸ் உண்டு. தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க, வெயிலுக்கு முன்னாடியே ஏறிடுங்க. கூட யாரைக் கூட்டிட்டுப் போறதுனு யோசிக்கிறீங்களா? ரொம்ப நாளா நீங்க பேசாம இருக்கீங்களே... அவங்களைத்தான்!