ஒரு வரி பிசகிய பட்டியல்

தமிழாசிரியர்க்கும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளர். தவணைதோறும் மாணவர் புள்ளிப் பதிவேட்டை எழுதிவரும் எமக்கு அத்தொடர்பு தெற்றெனப் புலனாயிற்று.

சுவாசப்பைப் புற்றுநோயைத் தொடக்கநிலையிலேயே கண்டு அறுத்தகற்றிய பின்னரும் சிலருக்கு அது மீளத் தோன்றுகிறது, சிலருக்குத் தோன்றுவதில்லை. யாருக்கு மீளும் என முன்னரே அறியின், அவருக்கு மட்டும் கடுமருந்து கொடுத்து, ஏனையோரை அதன் துன்பத்தினின்றும் காக்கலாம். உடலின் கலங்கள் பெரும்பாலனவற்றில் ஏறத்தாழ ஒரே பரம்பரையலகுகளே உள்ளன. (இந்தியத் தமிழர் மரபணு என்பர், எமக்கு இரண்டுஞ் சம்மதமே.) ஆயின் அவை யாவும் ஒருங்கே தொழிற்படுவதில்லை. எது மிகுந்து தொழிற்படுகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதை அது பிறப்பிக்கும் ஆர்.என்.ஏ.யின் அளவு காட்டும். அறுத்தெடுத்த கட்டியில் இவ்வளவுகளை ஆயிரக்கணக்கில் அளந்து, நோயாளியின் வருங்காலத்தைக் கணிக்க முயன்றனர் அறிஞர்.

2006 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து அனில் பொட்டி முதலானோர் இக்கணிப்பில் வெற்றி கண்டதாகப் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் எழுதினர். எம்மருந்து எக்கட்டிக்கு இணங்கும் எனக் கூறும் வேறொரு கட்டுரையையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். இப்பின்னையதைக் கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்னும் ரெக்சாஸ் மாநிலத்து அறிஞர் இருவர் தாமே கணக்கிட்டுப் பார்த்தனர். பரம்பரையலகுப் பட்டியல் ஒரு வரி பிசகிக் கிடந்தது! பதிவேட்டில் கந்தனின் புள்ளி அடுத்துள்ள குமரனுக்கும், குமரனின் புள்ளி அவனுக்கு அடுத்தவனுக்கும் ஏறினால் என்னாகும்? எழுத்து முத்துமுத்தாகவே இருக்கும், எண்களும் மெய்யெண்களே, ஆயின் ஒருவன் புள்ளியும் அவனுடையதன்று.

2008 இல் அவ்வாராய்ச்சிக் கூடத்திலேயே பயின்ற மருத்துவ மாணவர் ஒருவர், அக்கணிப்புமுறை நம்பத்தக்கதன்று என எழுத்தில் முறையிட்டார். மேலோர் செவிசாய்த்திலர். அவரோ கட்டுரைகளினின்றும் தம் பெயரை நீக்குவித்து, அவ்விடம் விட்டகன்று, ஓராண்டு ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்கினார். ஆசிரியர்க்கு அடங்கி நடப்பதே மாணவர்க்கு அழகு என்பது நம் நாட்டு வழக்கு. அவ்வழக்கின்படி நோக்கின் இவர் அடங்காதவரே. எம் வகுப்பில் அத்தகைய ஒருவர் இருப்பின் மகிழ்வோம்.

இதனிடையே, 2007 முதல், அக்கணிப்புகளை நம்பி நோயாளருக்கு மருந்து வகுக்கும் சோதனைகள் மூன்று நடைபெற்றன. 2010 இலேதான் அவை முற்றாக நிறுத்தப்பட்டன. 2011 இல் சுவாசப்பைக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. 2015 இல், பொட்டி பொய்த் தரவுகளைச் சேர்த்தார் என அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் முடிவுசெய்தது. அவர் அதனை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.