பிழை எவ்விடத்தது?

ஒரே நிரல், ஒரே தரவு. எனினும் இரண்டு கணனிகள் இருவேறு விடைகளைத் தருகின்றன. இந்நிலையில் நிரலை எழுதியோன் தன்னையே முதலில் ஐயுறுவது மரபு. அம்மரபு பெரும்பாலும் நியாயமானதுமாகும். தன் பிழைக்கு இயந்திரத்தின்மேற் பழி சுமத்தும் இளையோரைக் கண்டு மூத்தோர் நகைப்பதும் அத்துறையில் உண்டு. அந்நகைப்புப் பொருந்தாது போன வரலாறொன்று 1994 ஆம் ஆண்டிற்குரியது.

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பேர்க் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்த தோமஸ் நைஸ்லி, இரட்டை முதன்மை எண்களின் நிகர்மாறுகளைக் கூட்டும் பணியில் ஈடுபட்டிருந்தார். 11, 13 எனவும் 17, 19 எனவும் இரண்டால் வேறுபட்டு நிற்கும் முதன்மை எண்களே அவை. இச்சோடிகள் முடிவிலவோ என்பது இன்றும் விடைகாணா வினா. ஆயினும் அவற்றின் நிகர்மாறுகளின் கூட்டுத்தொகை முடிவுள்ள ஒரு பெறுமானத்தை அணுகுமென நோர்வே நாட்டுக் கணித அறிஞர் விகோ புறூண் 1919 இல் நிறுவியிருந்தார். இதனாற் பயன் யாது என வினவுவோர் இருக்கலாம். பயன் கருதாத இக்கணக்கே உலகெங்கும் விற்பனையான ஒரு செயலியின் குறையை வெளிப்படுத்திற்று.

நைஸ்லியின் கணனித் தொகுதியில் இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் செயலி கொண்ட கணனியொன்று புதிதாகச் சேர்ந்திருந்தது. யூன் மாதத்தில் விடைகள் முரண்பட்டன. ஒக்ரோபர் 19 வரை, நான்கு மாதங்களுக்கு மேலாக, அவர் செய்தது விலக்கல் வேலையே: நிரலின் தருக்கம், தொகுப்பி, தாய்ப்பலகையின் சில்லுத் தொகுதி என ஐயத்திற்குரிய ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து நீக்கினார். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாது வைத்தல் என்னும் இம்முறை சொல்லுதற்கு எளிது. செய்வோனுக்கோ பொறுமையைக் குடிப்பது. பழைய 486 செயலியிற் பிழை தோன்றவில்லை. பென்ரியத்திலும் மிதவைப் புள்ளிப் பகுதியை முடக்கியவிடத்து அது மறைந்தது. இறுதியில் நெடிய நிரல் முழுவதும் ஒரு வரியாகச் சுருங்கிற்று: 824633702441 என்னும் எண்ணை அதன் நிகர்மாற்றாற் பெருக்கினால் 1 வரல் வேண்டும், பென்ரியம் தந்தது 0.999999996274709702. எவரும் தம் மேசையிலேயே செய்து பார்க்கத்தக்க இவ்வரிக்கு எதிராக வாதிட இடமிருக்கவில்லை.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. அச்செயலி வகுக்கும்போது ஈவின் அடுத்த இலக்கத்தை ஓர் அட்டவணையிலிருந்து பெற்றது. அதில் நிரப்பப்படவேண்டிய 1066 இடங்களுள் ஐந்து வெறுமையாய் விடப்பட்டிருந்தன. +2 இருக்கவேண்டிய அவ்விடங்களிற் பூச்சியமே வாசிக்கப்பட்டது. மிகச் சில எண்சோடிகளே அவ்விடங்களைத் தீண்டியமையால் தற்செயலான சோதனைகளில் அது அகப்படவில்லை. டிசம்பரில், கேட்போர் அனைவர்க்கும் செயலியை மாற்றிக்கொடுக்க நிறுவனம் உடன்பட்டது. இதற்கென 475 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டமை 1995 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

இங்கே குற்றவாளி ஒருவன் இருந்தான். குற்றவாளியே இல்லாத வழக்குகள் இதனினும் கடினமானவை. பழைய இன்ரெல் செயலிகளின் மிதவைப் புள்ளிப் பதிவகங்கள் 80 பிற்று அகலமுடையன. நினைவகத்திற்குச் செல்லும் எண்ணோ வழக்கமாக 64 பிற்றாக வெட்டுண்ணும். ஆகவே ஒரே பெறுமானம் பதிவகத்தில் ஒன்றாகவும் நினைவகத்தில் வேறொன்றாகவும் நிற்கும். இரண்டும் முற்றாகச் சமமாயிருத்தல் வேண்டுமெனக் கோரும் சோதனை ஒரு கணனியிற் தேறி மற்றொன்றிற் தவறும். வேண்டிய திருத்தம் சோதனையிலேயே உள்ளது. எத்துணை வேறுபாடு பொறுக்கத்தக்கது என்பதை அதை எழுதியோன் முன்னரே துணிந்திருத்தல் வேண்டும்.

நினைவகத்தில் எழுதும் ஒழுங்கும் இத்தகையதே. இன்ரெல் வகைச் செயலியொன்று எழுதியவற்றைப் பிற செயலிகள் எழுதிய வரிசையிலேயே பொதுவாகக் காணும். ஆர்ம் வகைச் செயலிகள் அவ்வுறுதியை அளிப்பதில்லை. 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் தன் கணனிகளை ஆர்ம் வகைக்கு மாற்றத் தொடங்கியபோது, ஆண்டுக்கணக்காகத் தேறிவந்த நிரல்களில் மறைந்திருந்த இத்தகைய பிழைகள் தலைகாட்ட வழி பிறந்தது. இவற்றைத் தேடுவோனுக்கு நேரும் இடர் விசித்திரமானது. நிகழ்வதை அறிய அச்சிடும் வரியொன்றைச் சேர்ப்பான், அதனால் ஓட்டத்தின் வேகம் சற்று மாறும், பிழை மறைந்துவிடும். வரியை நீக்குவான், நூறாவது ஓட்டத்தில் அது மீண்டும் வந்து நிற்கும்.