300 ஓம்

ஹெட்ஃபோனுக்குத் தனியாக ஆம்ப் வேண்டுமா என்று கேட்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நான் சொல்லும் பதில், வேண்டாம். கைப்பேசியில் செருகும் விரல் நீள டாங்கிள் போதும். காதுக்குள் வைக்கும் இயர்ஃபோன்கள் பெரும்பாலும் 16 ஓம், 32 ஓம் ரகம். ஒன்றிரண்டு மில்லிவாட் கொடுத்தாலே கத்த ஆரம்பித்துவிடும். அவற்றுக்கு மேசை ஆம்ப் வாங்குவது, ஒரு குவளை நிரப்பத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவது மாதிரி.

என் விஷயம் எல்லைக்கோட்டில் இருந்தது. கரோசெல்லில் பழையதாக வாங்கிய சென்ஹைசர் எச்டி 650 என்னிடம் இருந்தது. 2003இல் வந்த மாடல், இன்னும் விற்கிறார்கள். அதன் இம்பீடன்ஸ் 300 ஓம். பெட்டியின் மேல் அதைப் படித்துவிட்டு அப்பா கேட்டார்: "300 ஓமா? ஹெட்ஃபோன் வாங்குனியா, அர்ச்சனைக்குச் சீட்டு வாங்குனியா?"

எங்களுடையது மூவறை வீடு. அம்மா அதிகாலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர், ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். எனக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஸ்பீக்கர் என்ற யோசனைக்கே இடமில்லை. ஆகவே ஹெட்ஃபோன், ஆகவே ஆம்ப் என்று போனது கதை.

கணக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை. இந்த ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. 300 ஓமில் 1 வோல்ட் என்றால் சுமார் 3.3 மில்லிவாட், அவ்வளவுதான். நல்ல டாங்கிள் ஒன்று அந்த 1 வோல்ட்டைத் தந்துவிடும். பிறகு எதற்கு ஆம்ப்? பழைய கச்சேரிப் பதிவுகளுக்காக. யாரோ எப்போதோ டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்றியவை, ஒலி மட்டம் மிகத் தாழ்வாக இருக்கும். டாங்கிளை முழுசாகத் திருகினாலும் தம்புரா பக்கத்து புளோக்கில் ஒலிக்கும். அங்கேதான் இன்னும் பத்துப் பன்னிரண்டு டெசிபல் கையிருப்பு வேண்டும். 2 வோல்ட்டுக்குப் போனால் 6 டெசிபல் கூடும், 4 வோல்ட்டுக்கு 12.

கடைக்காரர்கள் வோல்ட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள், வாட்டைத்தான் சொல்வார்கள். "2 வாட்!" 32 ஓமில் எடுத்த எண் அது. 32 ஓமில் 1 வாட் தரும் ஆம்ப்பின் மின்னழுத்தம் சுமார் 5.7 வோல்ட், அதே மின்னழுத்தம் 300 ஓமில் கொடுப்பது 107 மில்லிவாட்தான். அதுவே எனக்குக் கண்டபடி அதிகம். திறன் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு திறன். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பாதி விளம்பரங்களைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில், கோல்மன் ஸ்ட்ரீட்டில் அடெல்ஃபி என்று ஒரு கட்டடம். ஹை-ஃபை கடைகள் கூடியிருக்கும் இடம். இரண்டு சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தேன். டியூப் ஆம்ப் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அழகு என்றால் அப்படியொரு அழகு. இருட்டில் அகல் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. ஆனால் அந்த ரக டியூப் ஆம்ப்களின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம். எச்டி 650இன் இம்பீடன்ஸ் எல்லா இடத்திலும் 300 இல்லை. பேஸ் பகுதியில் 500 பக்கம் ஏறும். ஆம்ப்பின் அவுட்புட் 120 ஓம் என்று வையுங்கள், பேஸ் ஒரு டெசிபல் தூக்கலாகக் கேட்கும். இதைத்தான் "வார்ம்" என்று வருணிக்கிறார்கள். பிடித்திருந்தால் தப்பில்லை. ஆனால் அதே ஆம்ப்பில் என் தோழியின் 32 ஓம் ஹெட்ஃபோனைச் செருகினால் கதையே மாறிவிடும். அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும் என்பது பொதுவான விதி. அதை எனக்குச் சொன்னது ஒரு எழுத்தாளர். எழுத்தாளர் என்றுதான் சொல்வேன்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'என்.டபிள்யூ.ஏ.வி. கை' என்ற புனைபெயரில் 2011இல் எழுத ஆரம்பித்தார். ஒலிக்கருவிகளை அளவைக் கருவியில் மாட்டி, விளம்பரம் சொல்வதும் எண் சொல்வதும் எங்கே பிரிகின்றன என்று பக்கம் பக்கமாக எழுதினார். சும்மா குறை சொல்கிறாய், நீயே ஒன்றைச் செய்து காட்டு என்ற நிலை வந்தபோது செய்தும் காட்டினார். ஓ2 என்ற ஹெட்ஃபோன் ஆம்ப். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். சுற்று வரைபடம், பாகங்களின் பட்டியல், ஏன் இந்த ரெசிஸ்டர், ஏன் அது இல்லை என்பதெல்லாம் விளக்கி இலவசமாக வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், அவருக்கு ஒரு காசு வேண்டாம். சின்னச் சின்ன நிறுவனங்கள் செய்து விற்றன. 2012இன் நடுவில் எழுதுவதை நிறுத்தினார். அறிவிப்பு இல்லை, விடைபெறல் இல்லை. இன்றுவரை யாரென்று தெரியவில்லை. நம் சிற்றிதழ் உலகில் ஒரே ஒரு தொகுப்பு போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம். எனக்கு இவரும் அந்த வரிசைதான். ஒரு ரெசிஸ்டரைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர் நாவல் எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

ஓ2 ஒன்று பழையதாக 120 வெள்ளிக்குக் கிடைத்தது. வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அடாப்டர். அமெரிக்காவிலிருந்து வருபவற்றில் சில அங்கத்திய 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனவை, இங்கே 230. விற்றவர் சரியான அடாப்டரோடு தந்தார். கெயின் சுவிட்ச் ஒன்று உண்டு. தாழ்ந்த கெயினில் வைப்பதே நல்லது. உயர்ந்த கெயினில் குமிழை லேசாகத் தொட்டாலே சத்தம் போதுமாகிவிடும், அந்த அடிமட்டத்தில்தான் மலிவான குமிழ்கள் இடதையும் வலதையும் சமமாகத் தராது.

இது தெரிந்திருந்ததால்தான், அப்பா அதைச் சொன்னபோது நான் குமிழைச் சந்தேகித்தேன்.

அப்பா கேட்டது 'ப்ரியா' பாட்டுகள். 1978 படம், இளையராஜா இசை. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். சுஜாதாவின் நாவலில் கதை லண்டனில் நடக்கும், எஸ்.பி. முத்துராமன் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்பாவுக்கு அது நம்ம ஊர்ப் படம். ஒவ்வொரு காட்சியிலும் கதாநாயகியை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் கட்டடத்தைத்தான் காட்டுவார்.

"இடது பக்கம் ஏதோ மூடின மாதிரி இருக்குதும்மா. துணி வச்சு அடைச்ச மாதிரி."

குமிழைக் கூட்டினேன். மேலே போனால் சமமாகிவிட வேண்டும். ஆகவில்லை. அடுத்தது எல்லாரும் செய்யும் சோதனை. ஹெட்ஃபோனைத் திருப்பி, வலதை இடது காதிலும் இடதை வலது காதிலும் மாட்டச் சொன்னேன். கோளாறு கருவியில் என்றால் அந்த மூடல் வலது காதுக்குப் போக வேண்டும்.

"இப்ப எந்தப் பக்கம்பா?"

"அதே பக்கம்தான். இடது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கொஞ்ச நேரம் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். துருவைச் சுரண்டுவது, இரும்புத் தகட்டைத் தட்டுவது, மூடிய தொட்டிக்குள் கிரைண்டர். இன்றைக்கு இங்கே வேலையிடச் சத்தத்துக்கு வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல். அவருடைய ஆரம்ப நாள்களில் காதுக்குப் பஞ்சு வைத்ததுண்டாம், சில நாள் அதுவும் இல்லையாம். டிவி சத்தம் கூடிக்கொண்டே போனதை நாங்கள் வயசு என்று நினைத்திருந்தோம். பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வரைபடம் எடுத்தார்கள். 2 கிலோஹெர்ட்ஸ் வரை பரவாயில்லை, 4 கிலோஹெர்ட்ஸில் பள்ளம். இடது காதில் ஆழமான பள்ளம். இரைச்சலால் போகும் செவிக்கு இதுதான் அடையாளம். முதலில் அந்த இடத்தில்தான் போகும். போனால் திரும்பாது.

பேச்சில் ச, ஸ, ஷ எல்லாம் வாழ்வது அந்தப் பக்கம். அம்மா "சாப்பாடு எடுத்து வைக்கவா" என்றால் அவருக்கு "ஆப்பாடு". வீட்டில் எத்தனை சண்டை இந்த ஒரு எழுத்தால் வந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

ஆம்ப்பில் கையிருப்பாக நிறையத் திறன் இருக்கிறது, குமிழைத் திருகினால் அப்பாவுக்குக் கேட்கும். அதுதான் பயமாகவும் இருந்தது. பள்ளத்தில் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கூட்டினால், நன்றாக இருக்கிற பகுதிக்கும் அடி விழும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10, 89க்கு 5. மிச்சம் இருக்கும் செவிக்கு அவ்வளவுதான் செலவுப்பணம்.

அதனால் கணினியில் ஈக்வலைசர் போட்டேன். 4 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி 6 டெசிபல் மட்டும் தூக்கல். அதோடு முன்-ஆம்ப் மட்டத்தை 6 டெசிபல் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். இறக்கியதை ஈடுகட்டத்தான் ஆம்ப்பின் கையிருப்பு உதவுகிறது. பெயரளவுக்காவது ஆம்ப் வாங்கியதற்கு நியாயம் கிடைத்தது.

இது காதுக்கருவிக்கு மாற்று இல்லை. செவித்திறன் நிபுணர் அதைத் தெளிவாகச் சொன்னார். மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் தூக்கும் வேலையைக் காதுக்கருவி செய்யும், என் ஈக்வலைசர் செய்யாது. கருவி வந்தது. பேச்சுக்குப் போட்டுக்கொள்கிறார். பாட்டுக்குக் கழற்றிவிடுகிறார். "அதுல ராஜா தகர டப்பால வாசிக்கிறாரு."

பிறகு ஒரு நாள் மல்டிமீட்டரை எடுத்தேன். ஈக்வலைசரை அணைத்து, முழு அளவில் பதிவான 60 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஆம்ப்பின் வாயில் மின்னழுத்தத்தை அளந்தேன். 0.35 வோல்ட் வரும் இடத்தில் குமிழை நிறுத்தினேன். சுமார் 94 டெசிபல், அதுவும் உச்சத்துக்கு. அந்தக் காலத்துப் பதிவுகளில் சராசரி அதிலிருந்து 15, 20 டெசிபல் கீழே இருக்கும். அந்த இடத்தில் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். டாங்கிளில் இதைச் செய்ய முடியாது. திரையில் விரலால் இழுக்கிற சத்தத்துக்குப் புள்ளி ஏது? ஆம்ப் வாங்க நினைக்கும் யாருக்காவது நான் ஒன்று சொல்வதானால், நல்ல குமிழ் உள்ளதாகப் பாருங்கள் என்பேன்.

அப்பா புள்ளியை மதிக்கிறார், பெரும்பாலும். நான் வேலை முடிந்து வரும்போது குமிழ் சில நாள் ஒரு நூல் தள்ளி இருக்கும். மதியம் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு "இன்னைக்கு கோட்டா முடிஞ்சுது" என்று அவரே கழற்றி வைப்பதாக அம்மா சொன்னார். போன வாரம் என் அறை வாசலில் வந்து நின்று, அந்த 6ஐ 8 ஆக்க முடியுமா என்று கேட்டார். 7 வைத்திருக்கிறேன். முன்-ஆம்ப்பையும் 7 இறக்கியாயிற்று.