விழக் கற்றேன்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திடலில் தாத்தாவிடம் சிலம்பம் பயின்றவன் நான். நெற்றியுயரப் பிரம்பைச் சுழற்றினால் எவரும் நெருங்கார் என்று செருக்குற்றிருந்தேன். ஒரு மாலை, செம்மண் சாலையில் எவனோ ஒருவன் பின்னாலிருந்து என் பையைப் பற்றியிழுத்தான். பிரம்போ வீட்டில்! கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

பின்னர்ப் பட்டணத்தில் ஜூடோ பழகினேன். ஜப்பானில் 1882-இல் ஜிகோரோ கானோ தோற்றுவித்த அக்கலையில் நான் கற்ற முதற்பாடமே விழுவதுதான். மோவாயை மார்போடு சேர்த்து, தலை தரையில் படாமல், முன்கையால் பாயை அறைந்து விழவேண்டும். பல வாரங்கள் இதுவே, அலுப்புத்தான். ஆயினும் சிலம்பக் காலடி அங்கும் கைகொடுத்தது. இழுப்பவன் பக்கமாகவே அடிவைத்து நகர்ந்தால் எளிதில் நிலைகுலைவதில்லை.

தாத்தாவிடம் இதனைக் கூறினேன். சினப்பாரோ என அஞ்சினேன். மறுநாள் அவர் திடலில் கோணிகளை விரித்து, "எனக்கும் விழக் கற்றுக்கொடப்பா" என்றார்.