மாதம் ஒரு மண் நகை

நகை என்றதும் உங்களுக்குத் தங்கம்தான் நினைவுக்கு வரும். எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ மண்தான்.

கடைகளில் 'பாலிமர் களிமண்' என்று வண்ண வண்ணமாக விற்கிறார்களே, அதைத்தான் முதலில் கேட்டார்கள். பெயர்தான் களிமண், உண்மையில் அது பி.வி.சி. பிளாஸ்டிக். ஏறக்குறைய 130 பாகை செல்சியஸ் சூட்டில் மின்னடுப்பில் வைத்தால்தான் இறுகும். தோட்ட வீட்டில் அந்த அடுப்புக்கு எங்கே போவது?

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானை மின்மினிப் பூச்சிகளுக்காக எல்லாரும் அறிவோம். அங்கே நம்மவர்கள் மண்பாண்டம் வனைவது எத்தனை பேருக்குத் தெரியும்? தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல், தைக்குப் பொங்கல் பானை என்று அவர்கள் தொழில் மாதக் கணக்கில் ஓடுகிறது. பிள்ளைகளின் நகைக்கும் அதே கணக்கை வைத்தேன். ஐப்பசியில் அகல் வடிவத் தோடு, தையில் கரும்புக் கணு போல மணி, சித்திரையில் மாங்காய்ப் பதக்கம்.

ஈரம் இருக்கும்போதே ஈர்க்குச்சியால் துளையிட வேண்டும். காயும்போது மண் சுருங்கும். துளை சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். நிழலில் காயவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் அது ஆவியாகி மணியையே வெடிக்க வைத்துவிடும்.

"மண்ணைப் பிசைந்தால் மார்க் வருமா டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லவில்லை. சென்ற ஐப்பசியில், சூளையிலிருந்து வந்த தோட்டை மகளே அவர் காதில் மாட்டிவிட்டாள். அடகுக் கடைக்குப் போன தோடு இன்னும் திரும்பாத காது அது.

இப்போதெல்லாம் காய்ந்த மணிகளைச் சூளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான்.