திவான் தோகை இழந்த கதை

மனிதனுக்குத் தலைமயிர் உதிர்ந்தால் அநுதாபம் கிடைக்கிறது. தைல விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. இன்ன எண்ணெயைத் தடவிப் பாரும் என்று யோசனை சொல்ல நாலு சிநேகிதர்களும் வந்து சேருகிறார்கள். வீட்டில் வளரும் வான்கோழிக்கு இறகு உதிர்ந்தாலோ, ஊரார் முதலில் விசாரிப்பது அதன் எடையைப் பற்றித்தான்!

எங்கள் வீட்டு வான்கோழிக்குத் திவான் என்று பெயர். உத்தியோக மாற்றலாகி வடக்கே சென்ற என் பழைய மாணாக்கர் ஒருவர், ரயிலில் கொண்டுபோக வழியில்லாமல் எங்களிடம் ஒப்புவித்துப்போன பக்ஷி அது. மார்பை நிமிர்த்தி, சிறகுகளை நிலத்தில் உரசும்படி தாழ்த்தி, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு அது வாசலில் உலாவுவதைப் பார்த்த என் பெண், பழைய சமஸ்தான மந்திரி ஒருவரின் படத்தை எங்கோ கண்டிருந்தபடியால், அந்தப் பெயரைச் சூட்டினாள். மனோபாவத்துக்குத் தக்கபடி அதன் மொட்டைத் தலை சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறம் மாறும். 1612-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து தம் சபைக்கு வந்த வான்கோழியின் இந்த விநோதத்தை ஜஹாங்கீர் சக்கரவர்த்தியே வியந்து எழுதி, மன்சூர் என்ற சித்திரக்காரரைக்கொண்டு அதன் படத்தையும் வரைவித்தார் என்றால், எங்கள் தெருப் பிள்ளைகள் வேலியோரம் கூட்டம் கூடியதில் ஆச்சரியம் என்ன?

இத்தகைய கம்பீரத்துக்குச் சென்ற புரட்டாசி மாதத்தில் சோதனை வந்தது. முதலில் கழுத்தடியில் சில இறகுகள் உதிர்ந்தன. பிறகு மார்பும் முதுகும் இளைத்தன. சிறகிலும் இடைவெளி விழுந்தது. கடைசியில் அந்த வால் விசிறியும் ஒவ்வோர் ஓலையாகக் கழன்றது. நெஞ்சில் தொங்கும் கறுப்புத் தாடி ஒன்றுதான் மிச்சம். அது மட்டும் இறகுபோல் உதிர்வதில்லை. திவான் உலாவுவதை விட்டது, கூவுவதையும் விட்டது. பகலெல்லாம் முருங்கை மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

அடுத்த வீட்டுப் பெரியவர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் பத்துப் பதினைந்து கோழி வளர்க்கிறவர்.

"வாத்தியாரையா, இது கோழிக் கழிச்சல், சந்தேகமே வேண்டாம். நாளைக்கு என் கோழிகளுக்கும் தொத்திக்கொள்ளும். உயிரோடிருக்கும்போதே தள்ளிவிட்டால் நாலு காசாவது தேறும்" என்றார்.

மறுநாள் காலையில் கசாப்புக் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்றார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று என் பெண் இட்டிலியைத் தொடாமலே பள்ளிக்கூடம் புறப்பட்டாள். வாசற்படியில் நின்று, "அப்பா, சாயங்காலம் நான் வரும்போது திவான் இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன். பெரியவரிடம் ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டேன். அவர் பயமும் நியாயமானதே. அவருக்குக் கோழிகள் ஜீவனமல்லவா?

அந்த ஒரு வாரத்தில் அறிந்தவற்றை, பக்ஷி வளர்க்கும் நேயர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இறகு உதிர்வதெல்லாம் நோயல்ல. வளர்ந்து முற்றிய இறகு நமது நகத்தைப்போல உயிரற்ற பொருள். தேய்ந்தால் தானே செப்பனிட்டுக்கொள்ளாது. ஆதலால் பக்ஷிகள் ஆண்டுக்கொரு முறை பழைய சட்டையைக் கழற்றிப் புதியதை அணிகின்றன. இதற்குக் கடிகாரம் சூரியன்தான். பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் உடலில் மாறுதல் உண்டாகிறது. சென்னையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழி மாதத்துப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரமே. நமக்குத் தெரியாத அந்த வித்தியாசம் வான்கோழிக்குத் தெரிகிறது!

பருவ உதிர்வுக்கு அடையாளங்கள் உண்டு. இடப் பக்கமும் வலப் பக்கமும் ஏறக்குறைய ஒரே விதமாக உதிரும். உதிர்ந்த இடத்தில் தோல் புண்ணாகாமல், முள்முள்ளாகப் புதுக் குருத்துகள் தோன்றும். பேனாக இருந்தால் ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் முட்டைகள் ஒட்டியிருக்கும். சில உண்ணிகள் பகலில் மரத்தின் இடுக்கில் ஒளிந்து இரவில்தான் கடிக்கும். ஆகையால் இரண்டு இரவுகள் கைவிளக்குடன் சென்று திவான் அடையும் கட்டையைச் சோதித்தேன். ஒன்றுமில்லை. கழிச்சல் நோய்க்குப் பச்சையும் வெள்ளையுமான எச்சம், மூச்சுத்திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை காணும், அவையும் இல்லை. அரசாங்கக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவரும் இதையே உறுதி செய்தார். அதோடு, வான்கோழியின் ஈரலைக் கெடுக்கும் ஒரு நோய் நாட்டுக்கோழிகளின் குடற்புழு வழியாகவே பெரும்பாலும் பரவுகிறதென்றும், ஆகவே இரண்டையும் ஒரே மண்ணில் மேயவிடலாகாது என்றும் சொன்னார். அபாயம் சுவரின் எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்ற கேள்வி இப்படித் தலைகீழாயிற்று. பெரியவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, சுவரில் இருந்த பொந்தை அன்றே மண் வைத்து அடைத்தார்.

அடுத்த விஷயம் ஆகாரம். இறகு என்பது பெரும்பாலும் புரதமே. ஆயிரக்கணக்கான இறகுகளைப் புதிதாக நெய்யவேண்டிய உடலுக்கு வெறும் அரிசியும் கம்பும் போதா. கடலைப் பிண்ணாக்குப் போடும்படி பலர் சொன்னார்கள். ஆனால் அதில் எச்சரிக்கை தேவை. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காலன் என்று பின்னர் வெளியாயிற்று; அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உலகம் அறிந்தது அந்த மரணங்களினால்தான். ஆகவே மழைக்காலத்தில் மூட்டையில் கிடந்த பிண்ணாக்கை நான் வாங்கவில்லை. வேகவைத்த பாசிப்பயறு, முட்டை, கீரை இவற்றைக் கொடுத்தோம்.

மிகச் சிறந்த யோசனை கீரை விற்கும் பாட்டியிடமிருந்து வந்தது. "தம்பி, பழைய பானையிலே சாணத்தையும் கிழிஞ்ச சாக்கையும் போட்டுத் தண்ணி தெளிச்சு, புத்து மண்ணாப் பார்த்துக் கவுத்து வை. விடிஞ்சா கறையான் இருக்கும்" என்றாள். அப்படியே இருந்தது. பல்கலைக்கழகம் எனக்குக் கற்பியாத பாடம் இது. பானையை நிமிர்த்தும் ஓசை கேட்டால் திவான் அந்த நிலையிலும் ஓடி வரும்.

புதுக் குருத்தினுள் இரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும். ஆகையால் தூக்குவதும் தடவுவதும் கூடாது. என் பெண்ணுக்கு இதுவே பெரிய தண்டனையாக இருந்தது. ஒரு நாள் வேலிக் கம்பியில் பட்டுச் சிறகுக் குருத்தொன்று ஒடிந்து இரத்தம் கொட்டியது. சோள மாவை அப்பி, சுத்தமான துணியால் என் மனைவி பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள், நின்றுவிட்டது. மற்றபடி நிழல், நல்ல தண்ணீர், புரளுவதற்கு உலர்ந்த மணலும் சாம்பலும், தொந்தரவில்லாத தனிமை—இவ்வளவே வைத்தியம்.

கார்த்திகை முடிவதற்குள் திவான் தாமிர நிறம் மின்னும் புது அங்கியுடன் வெளிப்பட்டது. கசாப்புக் கடைக்காரர் தெரு வழியே போகும்போது அதனிடமிருந்து பலத்த கண்டன கோஷம் எழுந்ததாக என் பெண் சொல்கிறாள்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். வான்கோழியை மயிலோடு ஒப்பிட்டுப் பரிகசிப்பது நமது நாட்டில் ஔவையார் பேரால் வழங்கும் மூதுரைப் பாட்டிலிருந்து வரும் வழக்கம். ஆனால் 1963-ல் நமது தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மயிலும் மழைக்காலம் கழிந்ததும் தன் தோகை முழுவதையும் ஆண்டுதோறும் உதிர்த்துவிட்டு, வெறும் வாலுடன் புதர்களிடையே ஒதுங்கித் திரிகிறது. அந்த இறகுகளைப் பொறுக்கிப் புஸ்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுமென்று காத்திருக்கிறோம். மயிலுக்கு நோய் என்று யாரும் கசாப்புக் கடைக்காரரை அழைப்பதில்லை.